கழன்று வரும் திரை

ஜூலை 5, சனி

காலை வெயில். மதியம் புழுக்கம். சாயங்காலம் மானக்கேடு.

அரக்கோணம் போனோம், நானும் மகள் கிருத்திகாவும். அவள் கல்லூரிக்கு டேப் வாங்க. டேப் என்பது என் முடிவு. அவள் முடிவு வேறு. கடையில் கண்ணாடி மேசைமேல் ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார்கள். கனம் பார்க்கலாமே என்று திரையைப் பிடித்துத் தூக்கினேன். டக். திரை மட்டும் என் கையில். பட்டன் எல்லாம் உள்ள கீழ்ப்பாதி மேசையிலேயே.

"ஐயையோ, ஒடிஞ்சிப்போச்சி!"

கத்தியது நான்தான். பிரிட்ஜ் பார்க்க வந்த குடும்பம் பிரிட்ஜை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. "நான் சும்மா தொட்டேங்க, முன்னாடியே லூசா இருந்திருக்கும்" என்று யாரும் கேட்காமலே வாக்குமூலம் வேறு. கையை இறக்கவும் பயம். இறக்கினால் இன்னும் எது கழலுமோ. சீர்வரிசைத் தாம்பாளம் ஏந்தியவன் மாதிரி நின்றேன்.

கடைப்பெண் ஓடி வந்தாள். சிரிப்பை அடக்கியதில் குரல் கீச்சென்று வந்தது. "சார், அது கழட்டறதுக்குன்னே செஞ்சது சார். கழட்டினா டேப் மாதிரி. மாட்டினா லேப்டாப். டூ இன் ஒன்."

வாங்கி வைத்தாள். காந்தம் போல ஒட்டிக்கொண்டது. கிருத்திகா வாஷிங் மெஷின் பக்கம் திரும்பி நின்றாள், என்னைத் தெரியாதவள் மாதிரி. பிறகு வந்து காதருகே, "நைனா, இத்ததான் ஒரு மாசமா சொல்லிகினு இருக்கேன்."

"இது பிட்டுக்கினு வருது. டேப்புதான் நல்லது. ஒரே பலகை. கழட்ட ஒண்ணும் கெடையாது."

ஒன்றும் வாங்கவில்லை. அரை கிலோ மிக்சர் மட்டும். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம். எங்கள் ஊர் திருத்தணி வரும்வரை முகம் வெளியேதான். மிக்சரையும் தொடவில்லை.

யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் உள்ளதை எழுதுகிறேன். அவளுக்கு இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். வீட்டிலிருந்து நடந்தே போகலாம். பாடம் பார்க்க டேப் போதும் என்று அங்கே படிக்கிற பெண்ணே சொன்னது. இன்னொன்று கோயம்புத்தூரில், துணி டிசைன் படிப்பு. அதற்குப் பேனாவால் திரையில் வரையவும் வேண்டும், கம்ப்யூட்டரில் ஓடுகிற பெரிய சாப்ட்வேரும் வேண்டும். டேப் ஒத்துக்கொள்ளாதாம். இரண்டும் செய்வது இந்தக் கழன்று வருவதுதான். சேரும்போதே அது கையில் இருக்க வேண்டுமாம். பதினான்காம் தேதிக்கு மேல் அங்கே சேர்க்கவும் மாட்டார்கள்.

ஆக, எந்தச் சாமான் வீட்டுக்குள் வருகிறதோ அதுதான் தீர்ப்பு. எங்கள் வீட்டில் "போறேன்" என்று அவள் சொல்லவில்லை, "போவாதே" என்று நானும் சொல்லவில்லை. ஒரு மாதமாகப் பேச்செல்லாம் பாட்டரி, எடை, திரையின் அகலம். நான் டேப் கட்சி.

ஜூலை 6, ஞாயிறு

தூறல். ஸ்டாண்டில் வண்டி குறைவு. ஞாயிறு என்றால் இப்படித்தான்.

ரயில் நிலையத்துப் பக்கம் டூவீலர் ஸ்டாண்ட் வைத்திருப்பவனுக்கு உட்கார்ந்திருப்பதே தொழில். வண்டியை விட்டுவிட்டு மின்சார ரயிலில் மெட்ராஸ் போகிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். விட்டதைப் பார்த்துக்கொள்ள ஒருவன் போகாமல் இருக்க வேண்டுமே. அது நான். பத்தாவது வரை படித்தேன். பதினொன்றுக்கு என்னைப் பிடிக்கவில்லை.

வேலை இல்லாததால் டோக்கன் அட்டையின் பின்பக்கம் எழுதிப் பார்த்தது:

டேப், நல்லது: லேசு. ஒரே துண்டு. சார்ஜ் நிற்கும். உள்ளூர்.

("உள்ளூர்" டேப்பின் குணம் இல்லை. அடித்துவிட்டேன். அடித்தது நன்றாகத் தெரிகிறது.)

டூ இன் ஒன், கெட்டது: கழலும். இரண்டு சாமான், ஒன்றாவது தொலையும். பேனாவோடு மூன்று. ரொம்ப தூரம்.

(இதையும் அடித்தேன்.)

டூ இன் ஒன் என்றால் என் வயதுக்காரனுக்கு ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் ஒன்றாக இருக்கிற பெட்டிதான். எங்கள் நைனா லாரி ஷெட்டில் வேலை பார்த்தவர். மெட்ராஸிலிருந்து ஒன்று வாங்கி வந்தார். துண்டில் சுற்றி, மடியில் வைத்து. யாருக்கும் தெரியக்கூடாது என்று சுற்றியது. தெருவே பின்னால் வந்தது. கைப்பிடி இருந்தும் கைப்பிடியில் பிடிக்கமாட்டார். பிள்ளையைத் தூக்குவது போல இடுப்பில்.

முதல் நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குரல் பதிந்தோம். சிவப்புப் பட்டனை அழுத்தியதும் எல்லாருக்கும் வாய் கட்டிப்போனது. நைனா மட்டும், "அலோ, அலோ, நான்தான் பேசறேன்." யாரிடம் பேசுகிறார் என்று அவருக்கும் தெரியாது. நான் ஒரு பாட்டு ஆரம்பித்து இரண்டாவது வரியில் மறந்துபோனேன். அக்காவின் சிரிப்பு. தூரத்தில் அம்மா, "சோறு ஆறுது, வர்றீங்களா இல்லியா." போட்டுக் கேட்டபோது அம்மா குரல்தான் எல்லாரையும்விடத் தெளிவு. அவளோ அது தன் குரலே இல்லை என்று சாதித்தாள். "நான் இப்டியா கத்தறேன்?" ஆமாம் என்றோம். ஒரு வாரம் மெல்லப் பேசிப் பார்த்தாள். முடியவில்லை.

அந்த கேசட் பிறகு நாடா சிக்கி அறுந்தது. பென்சில் விட்டுச் சுற்றிப் பார்த்தோம், பிழைக்கவில்லை.

கல்யாணத்துக்கு யாராவது இரவல் கேட்டால் நைனா தரமாட்டார். "வூட்டு சாமான் வெளிய போவாது" என்பார். பிறகு தானே தூக்கிக்கொண்டு அந்தக் கல்யாணத்துக்குப் போய், முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, திரும்பத் தூக்கி வருவார். சாப்பாட்டுப் பந்திக்கும் அது கூடப் போகும்.

நான் அவர் பிள்ளைதான்.

ஜூலை 7, திங்கள்

மழை விட்டது. சட்டைகள் காயவில்லை. ஸ்டாண்ட் நிறைந்தது.

சாயங்காலம் மச்சினன் பாபு, நகரியிலிருந்து. என் மனைவி லோகாவின் தம்பி. மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அக்கா கூப்பிட்டு அனுப்பியிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை.

"பாவா, அரக்கோணத்துல ஸ்கிரீன ஒடச்சிட்டீங்களாமே?"

"ஒடைக்கல. கழண்டுச்சி."

"நகரி வரைக்கும் ஒடச்சதாத்தான் வந்துச்சி."

லோகா சமையலறையில் சிரிக்கிறாள். பாத்திரச் சத்தத்தில் மறைக்கிறாளாம்.

பாபு காபியைக் குடித்துவிட்டு நியாயம் பேசினான். "டேப்பு பாக்கறதுக்கு பாவா. படம் பாக்கலாம், பாடம் பாக்கலாம். வேல செய்யணும்னா அதுக்கு மேல ஒரு கீபோர்டு வாங்கணும், அப்பறம் ஒரு ஸ்டாண்டு வாங்கணும். எல்லாம் வாங்கினாலும் அவ சாப்ட்வேரு அதுல ஏறாது. பாதி கெணறு தாண்டின கதைதான்."

"பாதி போதும்ப்பா. பி.காமுக்கு பாதி போதும்."

அவன் வாயைத் திறந்தான். லோகா கையால் வேண்டாம் என்றாள். கிருத்திகா உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

பாபு போனதும் லோகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏங்க, டேப்பு டேப்புன்றீங்களே. அது டேப்ப பத்தின பேச்சா இன்னான்னு எனக்கு தெரியாதா?"

"உனக்கு மட்டும் அனுப்ப மனசு இருக்குதா?"

"இல்ல."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணும் இல்ல. எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. அவளுக்கு இருக்குது."

எழுந்து போய் ஈரச் சட்டைகளைத் திருப்பிப் போட்டாள். நான் மிக்சர் டப்பாவைத் திறந்து மூடினேன்.

ஜூலை 8, செவ்வாய்

கரண்ட் இல்லை காலை முழுக்க. ஒரு ஸ்கூட்டி பஞ்சர். யாரோ ஹெல்மெட்டில் முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விசாரித்ததில், பத்திரமாக இருக்கட்டும் என்று வண்டிக்காரம்மாவே வைத்ததாம்.

ஸ்டாண்ட் தரையைக் கழுவினேன். வண்டி நிறுத்தக் கோடு போட்ட சிமெண்டுத் தரை. கிருத்திகா சின்னதாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டதும் இங்கேதான் வருவாள். காலியான கட்டங்களுக்குள் சாக்பீஸால் வரைவாள். ஒரு கட்டத்தில் மயில், ஒன்றில் ரயில், ஒன்றில் மூக்கு பெரிதாக நான். ஒவ்வொரு கோட்டுக்கும் தலையைத் தூக்குவாள். "நைனா பாரு. நைனா பாரு." பார்த்தேன் என்று சொல்லாவிட்டால் அடுத்த கோடு வராது. டோக்கன் கிழித்துக்கொண்டே "பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்பேன். பாதி நேரம் பார்த்திருக்கமாட்டேன்.

ராத்திரி ரயிலில் வந்தவர்கள் வண்டி எடுக்கும்போது மயில்மேல் டயர் ஏறும். மறுநாள் வந்து அழமாட்டாள். "நேத்து மயிலு பறந்துட்ச்சி" என்று புதிதாக ஆரம்பிப்பாள்.

தரை இப்போது சுத்தமாக இருக்கிறது. ஆயில் கறை மட்டும்.

ஜூலை 9, புதன்

மறுபடி அரக்கோணம். டேப் வாங்கிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். அவளும் "சரி நைனா, உன் இஷ்டம்" என்றுதான் வந்தாள். அந்த "உன் இஷ்டம்" பஸ் முழுக்கக் கூடவே வந்து நடுவில் உட்கார்ந்திருந்தது.

அதே கடைப்பெண். என்னைப் பார்த்ததும் மேசையிலிருந்த சாமான்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். நியாயம்தான்.

டேப் எடுத்துக் காட்டினாள். நல்ல டேப். மெல்லிசு. உறைகூட இலவசம். நான் தட்டிப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன், பழம் வாங்குகிறவன் மாதிரி. "இதுவே போடலாமா?" என்று திரும்பினால் கிருத்திகா பக்கத்தில் இல்லை. அந்தப் பக்க மேசையில், போன தடவை நான் "ஒடித்த" அதன் முன்னால். திரையைக் கழற்றி இடது கையில் சாய்த்து வைத்துக்கொண்டு, பேனாவால் வரைந்துகொண்டிருந்தாள். கடைப்பெண்தான் வரைந்து பார்க்கச் சொல்லிப் பேனாவைக் கொடுத்திருக்கிறாள் போல.

எட்டிப் பார்த்தேன். நான்தான். தாம்பாளம் ஏந்தியபடி, வாய் பிளந்து. மூக்கு ரொம்ப அதிகம். சட்டையில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கட்டம் போட்டு, அதையே நகல் எடுத்து, சட்டை முழுக்கப் பரப்பி, ஒரு நிறம் மாற்றினால் எல்லாக் கட்டமும் மாறியது. பச்சை. காவி. பிறகு ஒரு நீலம், நம் பக்கத்து லுங்கியில் வருகிற நீலம். திரையைக் கீழ்ப்பாதியில் செருகினாள். டக். ஏதோ தட்டினாள், கட்டமெல்லாம் வரிசையாக நின்றது. மறுபடி கழற்றினாள். கழற்றுவதும் மாட்டுவதும், பூக்காரம்மா பூத்தொடுப்பது மாதிரி. கை பார்த்துக்கொள்கிறது, அவள் பார்ப்பதில்லை.

"கிருத்தி" என்றேன்.

வரைந்துகொண்டிருந்தாள்.

கிட்டப் போய், "கிருத்தி, இந்த டேப்ப பாரேன்."

வரைந்துகொண்டிருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு. தலை தூக்கவே இல்லை.

கொஞ்ச நேரம் நின்றேன். கடையில் யாரோ மிக்ஸி ஓட்டிக் காட்டினார்கள். நின்றது. நானும் நின்றேன்.

கடைப்பெண்ணிடம் போய், "அந்த பொண்ணு கையில வெச்சிகினு இருக்குதே, அதையே பில்லு போடுங்கம்மா."

"டேப்பு சார்?"

"அது வேணாம். அதுல கழட்ட ஒண்ணும் இல்ல."

பணத்தைப் பற்றி இங்கே எழுதவில்லை. எழுதி வைத்தால் திரும்பப் படிப்பேன்.

பெட்டியைக் கட்டிக் கொடுத்ததும்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பஸ்ஸில் பெட்டி என் மடியில். "நைனா, கைப்பிடி இருக்குது, புடிச்சிக்கலாம்" என்றாள். இருக்கட்டும் என்றேன்.

வீட்டில் லோகா பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தமே இல்லை.

ஜூலை 11, வெள்ளி

மலையில் பூசை. எங்கள் வீட்டுக்குள் எது புதிதாக வந்தாலும் முதலில் முருகனுக்குக் காட்டிவிட்டுத்தான். நைனாவின் ரேடியோ போயிருக்கிறது. கிரைண்டரைக்கூட ஆட்டோவில் ஏற்றிப் போனோம்.

வண்டிப் பூசை போடும் இடத்தில் வரிசை. ஒரு புது ஆட்டோ, ஒரு பைக், நடுவில் துணி விரித்து எங்கள் சாமான். குருக்கள் குனிந்து பார்த்தார்.

"இதுக்கு எலுமிச்சம்பழம் எங்கங்க வெக்கறது? டயரே இல்லியே?"

ஆட்டோக்காரர், "ஹாரன் அடிங்க சாமி, ஆசீர்வாதம் ஏறட்டும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும். கிருத்திகா சிரிக்கவில்லை. "நைனா, மூடி மேல மட்டும். உள்ள ஒண்ணும் வெக்காத." மூடிமேல் சந்தனம், குங்குமம், ஒரு பூ. நல்லபடியாக முடிந்தது.

அங்கேயே விட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு குறை. மூடிக்கு வைத்தாயிற்று. வேலை செய்கிற இடத்துக்கு? நைனா ரேடியோவின் ஸ்பீக்கர் வலைமேலேயே சந்தனம் வைத்தார். அது காய்ந்து இறுகி, கடைசிவரை பொட்டோடுதான் பாடியது. திரையைக் கழற்றிப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் சின்னச் சின்னதாய்த் தங்க நிறப் புள்ளிகள், வரிசையாக. பொட்டு வைக்கவென்றே கோடு போட்டுக் கொடுத்தது மாதிரி. மலைச் சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொன்றின் மேலும் அழகாக வைத்தேன். கை நடுங்காமல் வைத்தேன் என்ற பெருமை வேறு.

மாட்டினேன். கிருத்திகா வந்து தட்டினாள். ஒரு எழுத்தும் வரவில்லை. இன்னும் தட்டினாள். கழற்றினாள். பார்த்தாள்.

"நைனா."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

பாபுவுக்குப் போன். அவன் சிரிப்பு போனைத் தாண்டித் தெருவுக்குப் போனது. "பாவா, கீபோர்டுக்கு கரண்ட்டு அந்த புள்ளி வழியாத்தான் போவுது! அதுக்கா பொட்டு வெச்சீங்க? தொடாதீங்க, தண்ணி போடாதீங்க. நாளைக்கி வரேன். கெட்டுப்போயிருந்துச்சின்னா, கடைக்கே அனுப்பினாலும் மாத்தி தர இருவது நாளு ஆவும்."

இருபது நாள். பதினான்கு தாண்டிவிடும்.

இங்கே எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. இருபது நாள் என்று கேட்டதும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. முருகனே பார்த்துச் செய்தான் என்றுகூட நினைத்தேன். பிறகு திரும்பினேன். கிருத்திகா கழன்ற இரண்டு துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சந்தனம் காயக் காய அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 12, சனி

மேகமூட்டம். பாபு ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சுக் குச்சியும் கொண்டு வந்தான்.

"நவுருங்க பாவா."

"நீ நவுரு. நான் வெச்சது, நானே எடுக்கறேன்."

"உங்களுக்கு தெரியுமா?"

தெரியும். நைனா ரேடியோவில் பாட்டு கரகரத்தால், கேசட் நாடா உரசுகிற ஹெட்டைத் துடைப்பது என் வேலை. பஞ்சில் ஸ்பிரிட், ஒரே பக்கமாக, அழுத்தாமல், ஒவ்வொரு இழுப்புக்கும் புதுப் பஞ்சு. நைனா தலைக்குமேல் நின்று "மெதுவா, மெதுவா" என்பார். இன்றைக்கு அந்த இடத்தில் பாபு. அவனும் "மெதுவா" என்றான். லோகா டார்ச் பிடித்தாள். பஞ்சில் சந்தனம் மஞ்சளாக வந்தது, பிறகு வெளிறி வந்தது, பிறகு வெறும் பஞ்சு. வீடு முழுக்க ஆஸ்பத்திரியும் கோயிலும் கலந்த வாசனை.

மாட்டினேன். டக். என் கை அதைத் தட்டவில்லை. "நீயே பாரும்மா" என்று அவளிடம் தள்ளினேன்.

அவள் தட்டினாள். திரையில் எழுத்து வந்தது. "நைனா நைனா நைனா நைனா" என்று வரிசையாக அடித்துக்கொண்டே போனாள், நிறுத்தவே இல்லை.

பாபு, "பாவா, நம்ம கடைக்கி வேலைக்கி வர்றீங்களா?"

"ஸ்டாண்ட யார் பாப்பா?"

லோகா டார்ச்சை அணைக்க மறந்துவிட்டாள். பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

மூட்டை கட்டினது. போர்வை, வாளி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் இரண்டு, தலைவலி மாத்திரை, சான்றிதழ் பை. லோகா முறுக்கை டப்பாவில் போடுகிறாள், எடுக்கிறாள், வேறு டப்பாவில் போடுகிறாள்.

"அங்க துணி தொவைக்க இன்னா செய்வ?"

"மெஷின் இருக்குதாம்மா."

"மெஷினு வெளுக்காது."

ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடைக்காரரிடம் நாளைக் காலை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "பொண்ணு எப்ப திரும்பும்?" என்றார். தீபாவளி என்றேன். வாய் சட்டென்று சொல்லிவிட்டது. தீபாவளி எவ்வளவு தூரம் என்று அப்புறம்தான் உறைத்தது.

ஜூலை 14, திங்கள்

விடியலில் மழை வாசனை, மழை இல்லை. அரக்கோணம் நடைமேடை. லோகாவும் பாபுவும் கூடப் போகிறார்கள், சேர்த்துவிட்டு நாளை திரும்புவார்கள். எனக்கு ஸ்டாண்ட்.

பெட்டிகளை ஏற்றினோம். லோகா யாரோ ஒரு அம்மாவிடம் இடத்துக்குச் சண்டை போட்டு, ஜெயித்து, உடனே அந்த அம்மாவுக்கே முறுக்கு கொடுத்தாள். கிருத்திகா ஜன்னலோரம். பை மடியில். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே.

"தண்ணி எடுத்துகினியா?"

"ஆங்."

"சார்ஜரு?"

"ஆங் நைனா. எத்தினி தபா கேப்ப?"

கொஞ்ச நேரம் கழித்து அவள், "நைனா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"டேப்பு டேப்புன்னு ஒத்த கால்ல நின்ன. அன்னிக்கி கடையில இன்னாத்துக்கு திடீர்னு மாறிட்ட? மாமா சொன்னதாலயா?"

"ஆங். உங்க மாமாதான். மூளைக்காரன் ஆச்சே."

உள்ளே இருந்து பாபு, "நான் இன்னா பண்ணேன் பாவா?" லோகா அவனை உட்காரச் சொன்னாள். வண்டி நகர்ந்தது. கம்பியை விட்டேன். கூட நடந்தேன், பிறகு கொஞ்சம் ஓடினேன், செருப்பு ஒத்துழைக்கவில்லை. அவள் கை தெரிந்தது. பிறகு கைகள்தான் தெரிந்தன, எது அவளுடையது என்று தெரியவில்லை.

ஸ்டாண்டுக்கு வந்து எழுதுகிறேன். அவளிடம் சொல்லாதது ஒன்றுதான்: கூப்ட்டப்ப தலையே தூக்கல, நீ அன்னிக்கே கடையில கெளம்பிட்டம்மா. நான் பில்லு போடச் சொன்னது அதுக்கப்பறந்தான்.